கண்ணு சரியாத்தான் இருக்கு, மூளைதான் மக்கர் பண்ணுது!



காரைக்காலில் எந்தத் தெருவுக்குள் வேணும்னாலும் ஒரு நடை போய்ப் பாருங்க. வாசலில் கோலம், ஓரமா ஒரு பைக், நிலைக்கு மேலே காய்ந்துபோன மாவிலைத் தோரணம். அதுக்குப் பக்கத்திலேயே இப்போ இன்னொன்றும் இருக்கும். வெள்ளைக் கலரில், ஒரு கைக்குள் அடங்குற மாதிரி ஒரு கேமரா. காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பிள்ளை துபாயில், பெண் சிங்கப்பூரில், இன்னொருத்தர் பிரான்ஸில். வீட்டில் வயசானவங்க மட்டும். சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்து "அம்மா திண்ணையில உக்காந்திருக்காங்க"ன்னு பார்த்துவிட்டால் அங்கே இருப்பவருக்கு ஒரு நிம்மதி.

எங்க வீட்டிலும் இதே கதைதான். அப்பா வளைகுடாவில், அம்மா வேலைக்காகப் புதுச்சேரியில், நான் ஹாஸ்டலில். அப்பாயி மட்டும் வீட்டில். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கி நான்தான் மாட்டினேன். "இன்ஜினியரிங் படிக்கிற பேரன் மாட்டினது"ன்னு அப்பாயி தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாங்க.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், வாசப்படியில் வழுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு எலும்பு முறிவு. பக்கத்து வீட்டு அக்கா தற்செயலா வந்து பார்த்துத்தான் தூக்கினாங்க. அப்புறம் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தேன். விழுந்தது 5:48. அக்கா வந்தது 6:14. இருபத்தாறு நிமிஷம். வீடியோ கண்ணாடி மாதிரி தெளிவு. சேலையின் கரைகூடத் தெரிந்தது.

கேமரா பார்த்திருக்கிறது. பதிவு செய்திருக்கிறது. எனக்கு நோட்டிஃபிகேஷனும் அனுப்பியிருக்கிறது! அன்றைக்கு மட்டும் எனக்கு வந்த நோட்டிஃபிகேஷன் 64. காக்கா வந்ததுக்கு ஒன்று, கொடியில் சேலை ஆடினதுக்கு ஒன்று, மழைத் தூறலுக்குப் பத்து. இந்தத் தொல்லை தாங்காம, ஒரு வாரத்துக்கு முன்னாடியே நான் அதை மியூட்டில் போட்டிருந்தேன்.

அப்பாயிக்கு இப்போ கை சரியாகிவிட்டது. ஆனா அந்த 26 நிமிஷம் என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. எந்த கம்பெனி கேமரான்னு சொல்லப் போவதில்லை. ஏன்னா இது ஒரு கம்பெனியின் பிரச்சினை இல்லை. இந்த மாதிரி கேமராக்கள் எல்லாவற்றிலும் கண் நல்லா இருக்கிறது, மூளைதான் தகராறு. எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுவோம்

வீட்டு வாசலுக்கு கேமராங்கிற யோசனையே ஒரு பெண்ணின் பயத்தில் பிறந்ததுதான். நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ். வேலை நேரம் ஒழுங்கில்லாததால் வீட்டில் தனியாக இருக்க வேண்டிய நிலை. கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகும். 1966-ல் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் ஓட்டைகள், மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, வாசலில் நிற்பவரோடு பேச மைக், தூரத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு ஸ்விட்ச், ஆபத்து என்றால் அலாரம் அடிக்க ஒரு பட்டன். இன்றைக்கு நம்ம ஆப்பில் இருக்கிற வசதி பாதி அதிலேயே இருக்கிறது.

அன்றைக்கு அது பெரிய செலவு. இன்றைக்கு இரண்டாயிரம் ரூபாயில் என்ன கிடைக்கிறதுன்னு பாருங்க.

சென்சார்: 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள்.

இரவுப் பார்வை: லென்ஸைச் சுத்தி இருக்கிற அகச்சிவப்பு எல்இடி நம்ம கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். பகலில் அகச்சிவப்பு கலந்தால் நிறம் கெட்டுப்போகும் என்பதால் ஒரு ஃபில்டர் அதைத் தடுத்து வைத்திருக்கும். சாயங்காலம் கேமராவிலிருந்து 'டிக்'குனு ஒரு சத்தம் வருமே, கவனிச்சிருக்கீங்களா? அந்த ஃபில்டர் நகர்கிற சத்தம்தான் அது. ராத்திரி வீடியோ கறுப்பு வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்.

சுருக்கம்: இதுதான் உண்மையான அதிசயம். 1080 அளவு வீடியோ, விநாடிக்கு 15 ஃபிரேம், ஒரு புள்ளிக்கு 12 பிட்னு கணக்குப் போட்டால் விநாடிக்கு 373 மெகாபிட் வரும். எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கினால் அது 2 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். சுமார் 180 மடங்கு! மாறாத சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறின பகுதியை மட்டும் அனுப்புகிற சாமர்த்தியம்.

சேமிப்பு: 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி மெமரி கார்டு போட்டால் ஆறு நாளைக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். அதுக்கப்புறம் பழசை அழித்து அதன்மேல் புதுசு எழுதும்.

ஆக, கண், காது, ஞாபகம் மூணுக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாயி விழுந்தது பதிவானது இதனால்தான்.

'புலி வருது' கதை

இப்போ மூளைக்கு வருவோம். கேமரா எப்படி "அசைவு"ன்னு கண்டுபிடிக்கிறது? விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் எளிய கணக்குதான். இந்த ஃபிரேமிலிருந்து முந்தின ஃபிரேமைக் கழி. மாறின புள்ளிகள் ஒரு எல்லையைத் தாண்டினால் அலர்ட் அனுப்பு. அவ்வளவுதான். மாறினது மனுஷனா, தென்னை மட்டையின் நிழலா, அதுக்குத் தெரியாது.

நம்ம ஊரில் இந்தக் கணக்கு ரொம்பவே தடுமாறும். கடல் காற்றில் எதுவுமே சும்மா நிற்காது. வடகிழக்குப் பருவமழையில், அகச்சிவப்பு வெளிச்சம் பட்ட ஒவ்வொரு துளியும் திரையில் வெள்ளைக் கோடாகப் பாயும். வாசல் லைட்டைத் தேடி வருகிற பூச்சி லென்ஸுக்குப் பக்கத்தில் பறந்தால் புறா அளவுக்குத் தெரியும். அந்தப் பூச்சியைப் பிடிக்க சிலந்தி வலை கட்டும். எல்இடி வெளிச்சத்தில் அந்த வலை ராத்திரி முழுக்க மின்னி ஆடும். கேமராவுக்கு அது எல்லாமே திருடன்.

சரி, சென்சிடிவிட்டியைக் குறைச்சிடலாமா? குறைத்தால் பொய் அலர்ட் குறையும். கூடவே நிஜமான சில அலர்ட்டும் போய்விடும். கூட்டினால் எதுவும் தப்பாது, ஆனால் 64 வரும். மெஷின் லேர்னிங் பேப்பரில் படிப்போமே பிரிசிஷன், ரீகால் என்று, அதேதான். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும்.

இங்கே முக்கியமானது அல்காரிதம் இல்லை, மனுஷ மனசு. 'புலி வருது, புலி வருது'ன்னு தினமும் கத்தின பையன் கதைதான். நிஜமாகவே புலி வந்த அன்று ஊரே திரும்பிப் பார்க்கவில்லை. 64-ல் 63 பொய் என்றால், 64-வதையும் நாம் நம்ப மாட்டோம். நானும் நம்பவில்லை. அலர்ட் அனுப்பிவிட்டதோடு தன் கடமை முடிந்தது என்று மென்பொருள் நினைக்கிறது. அதைப் பார்க்கிறவருக்கு அது பயன்படுமா என்கிற கேள்வி அதுக்கு இல்லை.

இதுக்குத் தீர்வு மூணு. முதலாவது, 'ஆக்டிவிட்டி ஸோன்'. படத்தில் வாசப்படியை மட்டும் கட்டம் போட்டு, மரத்தையும் துணிக்கொடியையும் வெளியே தள்ளிவிடலாம். இரண்டாவது, 'பெர்சன் டிடெக்‌ஷன்'. மனித உருவத்தை மட்டும் கண்டுபிடிக்கிற நியூரல் நெட்வொர்க். இது சில கேமராக்களில் உள்ளேயே ஓடும். சிலவற்றில் மாதச் சந்தா கட்டினால்தான் கிடைக்கும். மூணாவது நம்ம போன். பேட்டரி சேவர் போட்டிருந்தால் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அலர்ட் தாமதமாக வரும், சில நேரம் வரவே வராது. அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்து வைங்க.

பக்கத்து ரூம் வீடியோ ஏன் ஊரைச் சுத்தி வருது?

இதை நீங்களும் அனுபவிச்சிருப்பீங்க. கேமரா வாசலில். நீங்க ஹாலில். ரெண்டும் ஒரே வைஃபை. ஆனா இன்டர்நெட் போனதும் ஆப்பில் "டிவைஸ் ஆஃப்லைன்"! பத்தடி தூரத்தில் இருக்கிற கேமராவைப் பார்க்க இன்டர்நெட் எதுக்கு?

காரணம் இது. பழைய ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். போதாது. அதனால் இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதுக்கு சிஜிநாட் என்று பேர். ஒரு பெரிய அப்பார்ட்மென்டுக்கு ஒரே கதவு எண், வாசலில் ஒரு வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியேயிருந்து வருகிறவரை "யாரு கூப்பிட்டா?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். உங்க ரவுட்டரின் வான் முகவரி 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்களும் அந்த அப்பார்ட்மென்டில்தான் குடியிருக்கீங்க.

அப்போ துபாயிலிருந்து அப்பா எப்படி உள்ளே வந்து பார்ப்பது? கேமரா தானாகவே கம்பெனி சர்வருக்குப் போன் போட்டு "நான் இங்க இருக்கேன்"னு சொல்லிக்கொண்டே இருக்கும். அப்பாவின் ஆப்பும் அதே சர்வரைக் கேட்கும். சர்வர் இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதுக்கப்புறம் வீடியோ நேரடியாகப் போகும். இல்லையென்றால் முழு வீடியோவும் சர்வர் வழியாகச் சுத்திப் போகும். அந்த சர்வர் எந்த ஊரில், எந்த நாட்டில் என்பது நம்ம கையில் இல்லை.

இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. பாமரரும் ஒரு க்யூஆர் கோடு காட்டி கேமரா மாட்ட முடிவது இதனால்தான். ஆனால் பல ஆப்கள் ஒரே வீட்டுக்குள் இருக்கும்போதும் அந்த சர்வரின் அனுமதி இல்லாமல் வேலை செய்யாது. சர்வர் படுத்தால் கேமராவும் படுத்தது.

சர்வரே ஒருநாள் மூடப்பட்டால்? கற்பனை இல்லை. டிராப்கேம் என்று ஒரு புகழ்பெற்ற அமெரிக்க கேமரா. 2014-ல் நெஸ்ட் அதை வாங்கியது. நெஸ்ட் கூகுளுடையது. 2024 ஏப்ரல் 8-ம் தேதியோடு பழைய டிராப்கேம்களுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. லென்ஸ் உடையவில்லை, சென்சார் கெடவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அது சுவரில் ஒரு அலங்காரப் பொருள். கண்ணை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். மூளை வாடகைக்கு.

சின்னச் சின்ன எரிச்சல்கள்

இதுக்கு நடுவில் தினசரித் தொல்லைகள் வேறு. நான் முட்டி மோதிக் கற்றுக்கொண்டது சிலது:

கேமரா வைஃபையில் சேரவே மாட்டேங்குதா? விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். புது ரவுட்டர்கள் 2.4, 5 ரெண்டுக்கும் ஒரே பேர் வைத்திருக்கும். அங்கேதான் குழப்பம். ரவுட்டர் செட்டிங்கில் ரெண்டையும் தனித்தனிப் பேராகப் பிரிச்சிடுங்க.

ஓனர் யார்? முதலில் எந்த அக்கவுன்டில் சேர்த்தோமோ அதுக்குத்தான் கேமரா சொந்தம். மொபைல் கடைத் தம்பி அவர் மெயிலில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், உங்க வீட்டு வாசலுக்கு ஓனர் அவர்தான்! மாட்டும்போதே உங்க மெயிலில் போடுங்க. மற்றவங்களுக்கு ஷேர் பண்ணுங்க, பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க.

மணி சரியா? நிறைய கேமராக்களில் தனி கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் இன்டர்நெட்டைக் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். அப்போது நெட்டும் இல்லையென்றால் 1970 ஜனவரி 1 என்று பதிவாகும். டைம் ஸோன் தப்பாக இருந்தால் ஐந்தரை மணி நேரம் பின்னாடி ஓடும். இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிச் சுருங்கிப்போன கிளிப்புக்கும் கார்டில் இருக்கிற மூலத்துக்கும் ஹாஷ் ஒன்றாக இருக்காது. அதனால் ஏதாவது நடந்தால் முதல் வேலை, கேமராவை ஆஃப் செய்துவிட்டுக் கார்டைக் கழற்றிப் பத்திரமா வைப்பது. இல்லையென்றால் ஆறு நாளில் தானே அழிந்துவிடும்.

நாம பாக்குறோம் சரி, வேற யாரு பாக்குறாங்க?

இதுதான் பெரிய விஷயம். தொல்லை வேறு, ஆபத்து வேறு.

2016 அக்டோபர் 21. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. டின் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள்மீது நடந்த தாக்குதல்தான் காரணம். தாக்கியது சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை. 'மிராய்' என்ற நிரல் பிடித்து வைத்திருந்த கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள். எப்படிப் பிடித்தது? தொழிற்சாலையில் வைத்து அனுப்பின, யாரும் மாற்றாத 60-க்கும் மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. 'அட்மின் – அட்மின்' ரகம்தான். மிராயை எழுதிய மூன்று இளைஞர்களில் ஒருவர் நம்மைப் போல் கல்லூரி மாணவர். மைன்கிராஃப்ட் கேம் சர்வர் போட்டியில் ஆரம்பித்த வேலை. 2017 டிசம்பரில் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

நாம் பாஸ்வேர்டைச் சரியாக வைத்தாலும் கம்பெனிப் பக்கம் ஓட்டை இருக்கலாம். 2020 ஜனவரியில், நெதர்லாந்தில் ஒருவர் தன் ஷாவ்மி கேமராவை கூகுள் நெஸ்ட் ஹப் திரையில் திறந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுப் படங்கள் வந்தன. கேச் அப்டேட்டில் வந்த கோளாறு என்று ஷாவ்மி விளக்கம் கொடுத்தது. நாலு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி 16. வைஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேமராக்கள் சர்வர் கோளாறால் சில மணி நேரம் முடங்கின. எல்லா கேமராக்களும் ஒரே நேரத்தில் திரும்ப வந்தபோது, புதிதாகச் சேர்த்த ஒரு கேச் லைப்ரரி சுமை தாங்காமல் யார் கேமரா யாருடையது என்பதைக் குழப்பிவிட்டது. சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுச் சிறுபடங்கள் போயின. 1,504 பேர் அதைத் தொட்டும் பார்த்துவிட்டார்கள். ரெண்டு சம்பவத்திலும் ஹேக்கர் யாரும் இல்லை. கேச் எழுதுகிறவர்கள் இதை மனசில் வைங்க. 'யூசர் ஐடி'யை ஒரு இடத்தில் மாற்றிப் போட்டால், அந்தப் பக்கம் திறப்பது ஒருவரின் வீடு.

நம்ம நாட்டில்? 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே கசிந்து டெலிகிராம் வழியாக விற்கப்பட்டது தெரியவந்தது. பெண்களைப் பரிசோதிக்கிற அறையின் காட்சிகள். எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு அதுக்கு வழிவிட்டது என்று செய்திகள் வந்தன. அதைப் படித்த அன்று நான் செய்த முதல் வேலை, அப்பாயி வீட்டுக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்த்ததுதான். வாசல் மட்டும்தான் தெரிய வேண்டும். படுக்கையறை, குளிக்கிற இடம், உடை மாற்றுகிற இடம் எதுவும் எந்தக் காரணத்துக்காகவும் கேமராவுக்குள் வரக்கூடாது.

இப்போது ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அரசிதழில் ஒரு திருத்த ஆணை வெளியிட்டது. அதன்படி 2025 ஏப்ரல் 9 முதல், சிசிடிவி கேமராக்கள் வழக்கமான மின் பாதுகாப்புச் சோதனையோடு மென்பொருள் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும். எஸ்டிகியூசி போன்ற ஆய்வகங்கள் வன்பொருளில் திறந்து கிடக்கும் டீபக் முனைகள், தகவல் மறையாக்கம், ஃபர்ம்வேர் அப்டேட் கையொப்பமிடப்பட்டதா என்பதையெல்லாம் பார்க்கின்றன. அதாவது, கண்ணை மட்டும் சோதித்த அரசு இப்போது மூளையையும் சோதிக்கச் சொல்கிறது. ஆனால் அதுக்கு முன்னாடி வாங்கி மாட்டின கேமராக்கள் நம்ம தெருவில்தான் இன்னும் தொங்குகின்றன.

கடலோரத்துக்கு மட்டும் சில குறிப்புகள்

உப்புக்காற்று லென்ஸ்மேல் மெல்லிசாகப் படியும். பகலில் தெரியாது. ராத்திரி எல்இடி வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் பனிமூட்டமாக இருக்கும். மாசத்துக்கு ஒருமுறை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்க. ஒட்டடையும் போய்விடும். பெட்டியில் ஐபி66 என்று போட்டிருந்தாலும் அது கேமராவுக்குத்தான், அடாப்டருக்கு இல்லை. பிளக் பாயின்ட் வீட்டுக்குள் இருக்கட்டும். கேமராவை மழைச்சாரல் நேராக அடிக்காத மாதிரி தாழ்வாரத்துக்குக் கீழே மாட்டுங்க.

கரண்ட்: 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது டெல்டாவில் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது நமக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் எந்த கேமராவும் உதவாது. ஆனால் தினசரி வருகிற ஒரு மணி, ரெண்டு மணி கரண்ட் கட்டுக்கு ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் போதும். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட். கேமரா 5, 9, 12 என்று மாடலுக்கு மாடல் மாறும். அடாப்டரில் எழுதியிருப்பதைப் படிச்சுட்டு வாங்குங்க. தப்பான வோல்டேஜ் கொடுத்தால் கேமரா புகைஞ்சிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஐந்து கேள்வி

கடையிலோ ஆன்லைனிலோ எத்தனை மெகாபிக்சல்னு மட்டும் கேட்காதீங்க. இதைக் கேளுங்க:

1. சந்தா கட்டாமல் மெமரி கார்டில் முழுசாகப் பதிவாகுமா, அதைத் திரும்பப் பார்க்க முடியுமா?

2. மனித உருவம் கண்டுபிடிக்கிற வசதி கேமராவுக்குள்ளேயே ஓடுகிறதா, கிளவுடிலா?

3. ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் இருக்கிறதா? இவை பொதுத் தர நெறிமுறைகள். இருந்தால் கம்பெனியின் ஆப் இல்லாமலேயே விஎல்சி பிளேயரில்கூட வீட்டுக்குள் நேரடியாகப் பார்க்கலாம். கம்பெனி மூடினாலும் கேமரா பிழைக்கும்.

4. இரண்டு அடுக்கு லாகின் உண்டா?

5. ஃபர்ம்வேர் அப்டேட் எத்தனை வருஷம் கொடுப்பார்கள்? கடைசி அப்டேட் எப்போது வந்தது?

மூணாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் நமக்கு ஒரு நல்ல ப்ராஜெக்டும் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கிற பழைய லேப்டாப்பில் 'ஃப்ரிகேட்' என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவலாம். ஆர்டிஎஸ்பி வீடியோவை வாங்கி, மனிதர், வாகனம், விலங்கு என்று அந்த லேப்டாப்பிலேயே பிரித்துவிடும். வீடியோ வீட்டைத் தாண்டாது. எல்லாம் கிளவுடில்தான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இப்போ அப்பாயி வீட்டில்

பாஸ்வேர்டு மாற்றியாச்சு. கேமரா ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியாக ஓடுகிறது. வாசப்படிக்கு மட்டும் ஸோன் போட்டிருக்கிறேன், மனித உருவத்துக்கு மட்டும் அலர்ட். ஒரு நாளைக்கு ஏழெட்டு வருகிறது. அதனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்லணும். இவ்வளவு செய்தும், ஒருத்தர் விழுந்துவிட்டார் என்று அந்த கேமராவுக்கு இன்னும் தெரியாது. மனுஷர் இருக்கிறார் என்று சொல்லும், அவ்வளவுதான். அதனால் இரண்டு விஷயம் கூடுதலாகச் செய்தோம். ஒன்று, பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் காலிங் பெல். பட்டன் அப்பாயியின் கழுத்துக் கயிற்றில், பெல் பக்கத்து வீட்டு அக்கா சமையலறையில். இன்டர்நெட் வேண்டாம், அக்கவுன்ட் வேண்டாம், அப்டேட் வேண்டாம். இரண்டு, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் பண்ணுவேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் திறந்து பார்த்தால் திரை முழுக்க இருட்டு. பதறிப் போய் போன் பண்ணினேன். "சொந்தக்காரவங்க வந்து வாசல்ல உக்காந்து பேசிட்டிருக்கோம்டா. நீங்க எல்லாம் எதுக்கு அதைப் பாக்கணும்? துண்டைப் போட்டு மூடிட்டேன்"னாங்க அப்பாயி. கேமரா மாட்டும்போது நான் அவங்களைக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அந்தத் துண்டு கேமராவுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்குகிறது. எப்போது மூடணும் என்று அவங்கதான் முடிவு செய்வாங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் ஊருக்குப் போகும்போது, ரவுட்டரிலிருந்து இன்டர்நெட் கேபிளைப் பத்து நிமிஷம் கழட்டுங்க. கேமரா முன்னாடி நடங்க. அப்புறம் கேபிளை மாட்டிவிட்டு மூணு விஷயம் பாருங்க. கார்டில் பதிவாகியிருக்கிறதா? மணி சரியா இருக்கிறதா? இப்போ திரும்ப நடந்தால் அலர்ட் எத்தனை விநாடியில் வருகிறது? மூணில் ஒன்று தப்பினாலும் உங்க கேமராவுக்கு வேலை இருக்கிறது. என்ன ஆச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த இதழில் பேசுவோம்.